திங்கட்கிழமை தறியில் உட்காரணும்: நாற்பதுக்கு மேல் ஒரு ஸ்பிரிண்ட் டிரையத்லான்

ஆரணிப் பக்கத்தில் நாற்பதைத் தாண்டிய ஒருவர் ஸ்பிரிண்ட் டிரையத்லானுக்குப் பெயர் கொடுக்க நினைத்தால், முதலில் கையில் எடுக்க வேண்டியது காலண்டர். தறிக்காரர் என்றால் முகூர்த்தச் சேலை ஆர்டர் எந்த மாதம் குவியும், தறியில் ஏறியிருக்கிற பாவு (நீளவாக்கு நூல்) எப்போது முடியும், பிள்ளைக்குப் பரீட்சை எப்போது, அரிசி மில்லில் கணக்கு எழுதுகிறவர் என்றால் அறுவடை வரத்து எப்போது, இதையெல்லாம் குறித்த பிறகு மிச்சமிருக்கிற வாரங்களில்தான் போட்டிக்கு இடம். ஷூ, சைக்கிள், நீச்சல் கண்ணாடி எல்லாம் அப்புறம்.

போட்டி இதுதான்: 750 மீட்டர் நீச்சல், 20 கிலோமீட்டர் சைக்கிள், 5 கிலோமீட்டர் ஓட்டம். மூன்றும் ஒன்றன்பின் ஒன்றாக. தண்ணீரில் இறங்கியதிலிருந்து ஓட்டம் முடிகிறவரை கடிகாரம் நிற்காது. நடுவில் சட்டை மாட்டுகிற நேரமும், ஷூ கயிறு கட்டுகிற நேரமும்கூடக் கணக்கில் சேரும். ஒலிம்பிக் தூரம் என்பது இதன் இரண்டு மடங்கு. அயர்ன்மேன் என்று செய்தித்தாளில் வருகிற மிக நீண்ட போட்டி வேறு உலகம். அந்தப் பக்கம் இப்போதைக்குப் போக வேண்டாம்.

இது பெரிய ஊர்ப் பணக்காரர்கள் கண்டுபிடித்த பொழுதுபோக்கு என்று நினைக்கிறவர்களுக்கு ஒரு தகவல். இந்தப் பெயரில் நவீன காலத்தில் நடந்த முதல் போட்டி 1974 செப்டம்பர் 25 அன்று அமெரிக்காவின் சான் டியாகோ நகரில், மிஷன் பே கடற்கழியில் நடந்தது. அன்று புதன்கிழமை. ஜாக் ஜான்ஸ்டன், டான் ஷனஹன் என்ற இரண்டு பேர் தங்கள் ஓட்டக் கிளப்புக்காக ஏற்பாடு செய்தார்கள். வந்தவர்கள் 46 பேர். வேலைநாள் என்பதால் மாலையில்தான் தொடங்க முடிந்தது. அப்போது நீச்சலைக் கடைசியில் வைத்திருந்தார்கள். இருட்டிவிட்டதால், பின்தங்கியவர்கள் கரை சேர கார் விளக்குகளைத் தண்ணீர்ப் பக்கம் திருப்பிப் போட்டார்கள். அன்று கலந்துகொண்டவர்களில் ஒருவரான ஜான் காலின்ஸ் கடற்படை அதிகாரி. 1978-இல் ஹவாயில் அயர்ன்மேனைத் தொடங்கியவர் அவர்தான். ஆக, பிறந்ததிலிருந்தே இது வேலை முடித்து வருகிறவர்களின் விளையாட்டு.

வயதைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். மடோனா பூடர் என்ற அமெரிக்கக் கன்னியாஸ்திரி முதல் டிரையத்லான் செய்தது 52 வயதில். 2012-இல் 82 வயதில் முழு அயர்ன்மேன் முடித்தார். ஜப்பானின் ஹிரோமு இனாடா பணி ஓய்வுக்குப் பிறகு நீச்சல் பழகியவர். 2018-இல் 85 வயதில் ஹவாயில் நடந்த அயர்ன்மேன் உலகப் போட்டியை முடித்தார். நம் பக்கத்தில் அனு வைத்யநாதன், மிகச் சில இந்தியர்களே இந்த விளையாட்டைத் தொட்டிருந்த காலத்தில் அயர்ன்மேனும், 2009-இல் கனடாவில் அதைவிட நீண்ட அல்ட்ராமேனும் முடித்தார். 2021-இல் தமிழக சுகாதார அமைச்சரான மா.சுப்பிரமணியன் ஐம்பதைத் தாண்டிய பிறகு நெடுந்தூரம் ஓட ஆரம்பித்து, நூற்றுக்கு மேற்பட்ட அரை மாரத்தான்கள் ஓடியவர். பெரிய பொறுப்பில் இருக்கிறவர்களுக்கு டிரைவரும் உதவியாளரும் உண்டு, தறிக்காரனுக்கு யார் இருக்கிறார்கள் என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. அதற்குத்தான் இந்தக் கட்டுரை.

காலண்டரும் கூலியும்

மாதச் சம்பளக்காரருக்கும் தறிக்காரருக்கும் நேரத்தின் விலை வேறு. ஆசிரியருக்கு விடுப்பு எடுத்தால் சம்பளம் போகாது. ஆனால் நேரத்தை இஷ்டத்துக்கு மாற்ற முடியாது. தறிக்காரருக்கு நேரத்தை மாற்றலாம். ஆனால் தறியை விட்டு எழுந்த ஒவ்வொரு மணி நேரமும் கூலியில் குறையும். இரண்டு பேருக்கும் ஒரே பயிற்சி அட்டவணை பொருந்தாது. இணையத்தில் கிடைக்கிற பன்னிரண்டு வாரத் திட்டங்கள் எல்லாம் முதல் ஆளை மனதில் வைத்து எழுதியவை.

எங்கள் பக்கத்து நாட்காட்டிப்படி பார்த்தால், தீபாவளிக்கு முந்தைய இரண்டு மூன்று மாதங்களைத் தொடவே வேண்டாம். ஆர்டர் நெருக்கடி. தூக்கம் குறையும், முதுகு பிடிக்கும். அதோடு பயிற்சியையும் சேர்த்தால் இரண்டும் கெடும். தீபாவளி முடிந்து வடகிழக்குப் பருவமழை பிடித்தால் தறிக்குழியில் ஈரம் ஏறும், தெருவில் பாவு நீட்ட வெயில் கிடைக்காது, வேலை தானாகவே மந்தமாகும். கூலி குறைகிற அந்த வாரங்களை யாரும் விரும்பப் போவதில்லை. ஆனாலும் கால்களைப் பழக்கத் தொடங்க அதுதான் நேரம். காற்று குளிர்ந்திருக்கும், கிணற்றில் தண்ணீர் மேலே வந்திருக்கும். அங்கிருந்து பதினான்கு, பதினாறு வாரம் எண்ணினால் மாசி, பங்குனி. அதற்குப் பிறகு போட்டி வைத்துக்கொள்ளாதீர்கள். வேலூர், ஆரணி வெயிலைப் பற்றி இந்தப் பக்கத்து ஆட்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. ஆசிரியர்களுக்குப் பொதுத்தேர்வு, வங்கிக்காரர்களுக்கு மார்ச் 31. அவர்கள் பிப்ரவரி தொடக்கத்திலேயே முடித்துக்கொள்வது நல்லது.

வாரத்துக்கு ஐந்து மணி நேரம் போதும். முடித்தால் போதும் என்கிறவருக்கு அதற்கு மேல் தேவையில்லை. அந்த ஐந்து மணி நேரத்தைத் தறி நேரத்திலிருந்து எடுக்கக் கூடாது, தூக்கத்திலிருந்தும் எடுக்கக் கூடாது. வேறு எங்கிருந்து எடுப்பது? ராத்திரி ஒன்பதரைக்கு மேல் கையில் இருக்கும் போனிலிருந்து. ஒரு மணி நேரம் முன்னால் படுத்தால் ஒரு மணி நேரம் முன்னால் எழலாம்.

போட்டிக்குப் பெரும்பாலும் சென்னைப் பக்கம்தான் போக வேண்டியிருக்கும். சென்னை ட்ரெக்கிங் கிளப் போன்ற அமைப்புகள் அமெச்சூர்களுக்காக நடத்திய போட்டிகளால்தான் தமிழ்நாட்டில் இந்த விளையாட்டு ஐ.டி. ஊழியர்கள் வட்டத்துக்குள் வந்தது. பெயர் கொடுப்பதற்கு முன் நான்கு கேள்விகளைக் கேட்டுக்கொள்ளுங்கள். நீச்சல் குளத்திலா, ஏரியிலா, கடலிலா? எத்தனை உயிர்காப்பாளர்கள்? ஒவ்வொரு பகுதிக்கும் கெடு நேரம் எவ்வளவு? சைக்கிள் பாதையில் மற்ற வண்டிகளை நிறுத்துவார்களா? கடைசிக் கேள்விக்கு மழுப்பலான பதில் வந்தால் பணத்தைக் கட்டாதீர்கள்.

முதலாளியிடம் எப்படிச் சொல்வது

பலர் இதில்தான் சொதப்புகிறார்கள். ஒன்று, சொல்லாமலே போவது. இல்லையென்றால் காய்ச்சல் என்று பொய் சொல்வது. போட்டிப் படம் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலத்துக்குள் வாட்ஸாப்பில் ஊரைச் சுற்றிவிடும். திங்கட்கிழமை காய்ச்சலைப் பற்றி யாரும் விசாரிக்க மாட்டார்கள். பேச்சை இப்படி வைத்துக்கொள்ளலாம்:

“முதலாளி, மாசி மாசம் ரெண்டாவது ஞாயித்துக்கிழமை சென்னையில ஒரு போட்டி. சனிக்கிழமை மத்தியானத்தோட தறியை விட்டு எழுந்துருவேன். இந்தச் சேலையை வெள்ளிக்கிழமையே அறுத்துக் குடுத்துடறேன்.”

“போட்டியா? இந்த வயசுல உனக்கு எதுக்குப்பா அதெல்லாம்?”

“ரொம்ப நாள் ஆசை, முதலாளி. திங்கக்கிழமை வழக்கம்போல உக்காந்துருவேன்.”

தேதி, ஒப்படைக்கிற சரக்கு, திரும்பி வருகிற நாள். மூன்றும் இருந்தால் முதலாளிக்குக் கவலைப்பட ஒன்றும் இல்லை. கேலி செய்வார், செய்துவிட்டுப் போகட்டும். உடற்பயிற்சி செய்தால் உற்பத்தி கூடும் என்பதுபோன்ற வசனங்கள் வேண்டாம். அதை அவர் நம்பப் போவதில்லை, நீங்களும் நிரூபிக்கப் போவதில்லை. அலுவலகத்தில் வேலை என்றால் இரண்டு மாதம் முன்பே எழுத்தில் விடுப்பு வாங்கிக்கொள்ளுங்கள். போட்டிக்கு மறுநாள் ஆடிட், இன்ஸ்பெக்‌ஷன் எதுவும் இல்லை என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். சைக்கிள் வாங்க முதலாளியிடம் முன்பணம் வாங்காதீர்கள். கல்யாணத்துக்கும் ஆஸ்பத்திரிக்கும் வாங்கிய முன்பணமே தறிக்காரரை ஒரே வாசலில் கட்டிப் போடுகிறது. கூலி உயர்வு கேட்கிற வாயை அந்தப் பணம் அடைத்துவிடும். பொழுதுபோக்குக்காக அந்தக் கயிற்றை நாமே கழுத்தில் மாட்டிக்கொள்வது மடத்தனம்.

இதனால் வேலையில் முன்னேற்றம் உண்டா என்று கேட்கிறார்கள். இல்லை. விளையாட்டு ஒதுக்கீடு, வேலைவாய்ப்பு எல்லாம் இளைஞர்களுக்கான கதை. நாற்பத்தைந்து வயதில் முடித்த போட்டியின் சான்றிதழை எந்த அலுவலகமும் பணிப்பதிவேட்டில் ஏற்றாது. பதக்கம் வீட்டுச் சுவருக்கு, அவ்வளவுதான். பயிற்சியாளராகி அதில் சம்பாதிக்கலாம் என்ற ஆசையையும் தள்ளி வையுங்கள்.

குழியில் உட்கார்ந்த உடம்பு

குழித்தறிக்காரரின் உடம்பு ஓட்டக்காரருக்கு நேர் எதிரான வேலையில் பழகியது. விளிம்பில் உட்கார்ந்து, காலைக் குழிக்குள் விட்டு மிதியை மாற்றி மாற்றி அழுத்துகிறோம். ஒரு கை நாடாக் கயிற்றை இழுக்கிறது, மறு கை பலகையை அடிக்கிறது. ஜரிகை இழை அறுந்தால் கழுத்தை முன்னால் நீட்டிக் கண்ணை இடுக்கி முடிச்சுப் போடுகிறோம். நாள் முழுக்க இடுப்பு மடங்கியே இருப்பதால் தொடையின் முன்பக்கத் தசைகள் சுருங்கிப் போகின்றன. குழியிலிருந்து எழுந்ததும் ஓடினால் இடுப்பு பின்னால் நிற்கும், நெஞ்சு முன்னால் போகும், முழங்கால் அடி வாங்கும். கம்ப்யூட்டர் முன்னால் உட்காருகிறவர்களுக்கும் இதே கதைதான்.

இதற்கு மருந்து சுலபம். ஒரு முழங்காலைத் தரையில் ஊன்றி, மற்ற காலை முன்னால் வைத்து, இடுப்பை மெதுவாக முன்னால் தள்ளி அரை நிமிடம் நில்லுங்கள். பிறகு கால் மாற்றுங்கள். காலையும் மாலையும். ஓடுவதற்கு முன் பத்து நிமிடம் நடை. தறியில் மணிக்கு ஒரு தடவை மேலே ஏறி இரண்டு நிமிடம் நில்லுங்கள். வாரத்தில் இரண்டு நாள் நிலைக்கதவைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்து எழுவதும், வாசப்படி ஓரத்தில் நின்று குதிகாலை ஏற்றி இறக்குவதும் போதும். ஜிம் வேண்டாம். ஒரு நல்ல சேதியும் உண்டு: மிதித்து மிதித்துப் பழகிய கால் சைக்கிளுக்குச் சீக்கிரம் பழகும்.

இதற்கெல்லாம் முன்னால் ஒரு நாள் அரசு மருத்துவமனைக்குப் போய் ரத்த அழுத்தம், சர்க்கரை, இ.சி.ஜி. பார்த்துவிடுங்கள். என்ன செய்யப் போகிறீர்கள் என்பதை டாக்டரிடம் ஒளிக்காமல் சொல்லுங்கள். படி ஏறும்போது நெஞ்சில் அழுத்தம், காரணமில்லாத மூச்சிரைப்பு, வீட்டில் யாருக்காவது இளம் வயதில் மாரடைப்பு, இதில் எது இருந்தாலும் அவர் சரி என்று சொல்கிறவரை பெயர் கொடுக்காதீர்கள். சர்க்கரைக்கு மாத்திரையோ ஊசியோ எடுக்கிறவர்கள் பயிற்சி நாளில் அளவை எப்படி வைத்துக்கொள்வது என்றும் கேட்டுக்கொள்ள வேண்டும்; பாதி வழியில் சர்க்கரை இறங்கினால் சைக்கிளோடு விழுவீர்கள்.

தண்ணீர்

பயமுறுத்துவதற்காக இந்தக் கணக்கைச் சொல்லவில்லை. அமெரிக்க டிரையத்லான்களில் 1985 முதல் 2016 வரை நடந்த திடீர் மரணங்களையும், இதயம் நின்றுபோன சம்பவங்களையும், விபத்து மரணங்களையும் தொகுத்து 2017-இல் ஒரு மருத்துவ ஆய்வு வந்தது. மொத்தம் 135, அவற்றில் 90 நீச்சலின்போது. பாதிக்கப்பட்டவர்களின் சராசரி வயது 47-ஐ ஒட்டி. பெரும்பாலோர் ஆண்கள். கலந்துகொண்ட எண்ணிக்கையோடு வைத்துப் பார்த்தால் லட்சத்துக்கு இரண்டு பேருக்கும் குறைவு, சரி. ஆனால் அந்த இரண்டு பேர் யார் என்று பாருங்கள்: நம் வயதுக்காரர்கள், தண்ணீரில்.

அதனால் என் கருத்து இது: முதல் போட்டியை ஏரியிலோ கடலிலோ வைத்துக்கொள்ளாதீர்கள். நீச்சல் குளத்தில் நடக்கிற போட்டியாகப் பாருங்கள். அடித்தளம் தெரியும், கோடு தெரியும், மூச்சு முட்டினால் கைக்கு எட்டும் தூரத்தில் சுவர் இருக்கும். ஐம்பது மீட்டர் குளத்தில் 15 நீளம், இருபத்தைந்து மீட்டரில் 30. சென்னை வேளச்சேரியில் 1995 தெற்காசிய விளையாட்டுக்காகக் கட்டிய குளம் ஐம்பது மீட்டர். ஒரு தடவையாவது அந்த நீளத்தை நீந்திப் பார்த்தால் மனதுக்கு அளவு பிடிபடும்.

கிராமத்தில் வளர்ந்த ஆண்களில் பாதிப் பேர் “எனக்கு நீச்சல் தெரியும்” என்பார்கள். கிணற்று நீச்சல். முதுகில் சுரைக்குடுக்கையோ, வாழைத்தண்டோ கட்டி, மாமாவோ சித்தப்பாவோ தள்ளிவிட்டுக் கற்றது. அது மூழ்காமல் இருக்கிற வித்தை. தூரம் போகிற வித்தை வேறு. பத்து மீட்டர் அகலக் கிணற்றில் 750 மீட்டர் என்றால் 75 தடவை. ஒவ்வொரு முறையும் சுவரை உதைத்துத் தள்ளிக்கொள்வதால் வேகமும் தெம்பும் அதிகம் இருப்பதாகத் தோன்றும். குளத்துக்குப் போனால் மூன்றாவது நீளத்தில் குட்டு வெளிப்படும்.

தலையைத் தூக்கிக்கொண்டே நீந்துவதுதான் கிணற்றுப் பழக்கத்தில் பெரிய சிக்கல். தலை மேலே போனால் கால் கீழே போகும். தண்ணீரை இழுத்துக்கொண்டு போக வேண்டியிருக்கும். முகத்தைத் தண்ணீருக்குள் வைத்து மூக்காலும் வாயாலும் காற்றை மெல்ல விடவும், பக்கவாட்டில் திரும்பி இழுக்கவும் பழக வேண்டும். முதல் மூன்று வாரம் இது ஒன்றையே செய்யுங்கள். இரண்டாவது விஷயம் வேகம். புதியவர் எல்லோரும் முதல் ஐம்பது மீட்டரை அடித்துப் பிடித்து நீந்துகிறார்கள்; பிறகு மூச்சு வாங்கி, பயம் பிடித்து, நின்றுவிடுகிறார்கள். முதல் நூறு மீட்டரைச் சலிப்பூட்டும் அளவுக்கு மெதுவாக நீந்துங்கள். விதிப்படி எந்த முறையில் வேண்டுமானாலும் நீந்தலாம்: தவளை நீச்சல், மல்லாக்க, எதுவும். களைத்தால் மிதவையையோ படகையோ பிடித்துக்கொண்டு ஓய்வெடுக்கலாம், அதைப் பிடித்துக்கொண்டு முன்னேறாத வரைக்கும். இதைப் பலர் அறியாமல் தண்ணீரில் தவிக்கிறார்கள்.

கிணற்றில்தான் பழகப் போகிறீர்கள் என்றால் சில கண்டிப்புகள். தனியாக இறங்கக் கூடாது. மேலே ஓர் ஆள் கயிறும் காற்றடித்த லாரி டியூபுமாக நிற்க வேண்டும். மோட்டார் வயர் தண்ணீரில் கிடக்கிறதா என்று பார்த்து, மெயினை அணைத்துவிட்டு இறங்குங்கள். மேலிருந்து குதிக்காதீர்கள்; போட்டியில் குதிப்பதற்கு மதிப்பெண் கிடையாது. ஏரி வேண்டவே வேண்டாம். மழைக்குப் பிறகு கமண்டல நாகநதியிலும் ஏரிகளிலும் நீர் பார்க்க அழகாகத்தான் இருக்கும். அடியில் சேறு, மண் எடுத்த பள்ளம், மூழ்கிப்போன சீமைக்கருவேலம். இந்த மாவட்டத்துச் செய்தித்தாள் படிக்கிறவர்களுக்கு மீதி தெரியும்.

வாரத்தில் ஒரு தடவையாவது கட்டணக் குளத்துக்கு பஸ் ஏறிப் போகத்தான் வேண்டும். செலவு பிடிக்கும், பாதி ஞாயிறு போகும். இதில் சிக்கனம் பார்க்க வழியில்லை. ஓட்டத்தை நீங்களே கற்றுக்கொள்ளலாம்; நீச்சலுக்கு ஒரு வாத்தியார் வேண்டும். அவர் உங்களைவிட இருபது வயது சின்னவராக இருப்பார். “தம்பி, சொல்லு” என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

பெண்களுக்கு இதில் இரட்டைத் தடை. குளத்தில் பெண்களுக்கென ஒதுக்கிய நேரம் பெரும்பாலும் வீட்டு வேலை உச்சத்தில் இருக்கிற நேரம். உடை பற்றி ஊர்ப் பேச்சு வேறு. முழுக்கை, முழுக்கால் நீச்சலுடை கடைகளில் கிடைக்கிறது; போட்டிக்கு அனுமதி உண்டா என்று அமைப்பாளரிடம் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். ஆனால் உண்மையான தடை உடை இல்லை. நாள் முழுக்க ஊடை (குறுக்கு நூல்) சுற்றி, தறியில் துணைக்கு உட்கார்ந்து, நடுவில் சமைத்தும் முடிக்கிற பெண்ணிடம் ‘நாலரை மணிக்கு எழுந்திரு’ என்று எந்த வழிகாட்டியும் சொல்லக் கூடாது. வாரத்தில் மூன்று நாள் காலைச் சமையலை வீட்டில் வேறொருவர் ஏற்றால்தான் அவருக்கு டிரையத்லான் சாத்தியம். ஆண்களே, இந்த வாக்கியம் உங்களுக்கு.

சைக்கிளும் சாலையும்

புதிய சைக்கிள் வாங்காதீர்கள். பையனின் கியர் சைக்கிள், பக்கத்து வீட்டுக்காரரின் பழைய எம்.டி.பி. (மலைச் சைக்கிள்), எதுவானாலும் பிரேக் பிடித்து, சக்கரம் நேராக ஓடினால் உள்ளூர்ப் போட்டிகளில் பெரும்பாலும் விட்டுவிடுவார்கள். அம்பத்தூரில் 1949-இல் தொடங்கிய டி.ஐ. சைக்கிள்ஸ் தயாரித்த ஹெர்குலிஸ் இன்னும் பல வீட்டுத் திண்ணையில் நிற்கிறது. அதில் பயிற்சி செய்யலாம், ஆனால் கனம் அதிகம், போட்டிக்குக் கியர் வண்டி இரவல் வாங்குவது உத்தமம். சீட் உயரத்தைச் சரி செய்யுங்கள். பெடல் கீழே இருக்கும்போது முழங்கால் லேசாக மட்டும் மடங்கியிருக்க வேண்டும். நம் ஊரில் பெரியவர்கள் எல்லோரும் கால் தரையில் ஊன்றுகிற மாதிரி சீட்டைத் தாழ்த்தி ஓட்டுகிறார்கள். முழங்கால் வலிக்குப் பாதிக் காரணம் அதுதான். பணம் செலவழிக்க வேண்டிய ஒரே சாமான் ஹெல்மெட்.

ஆரணியிலிருந்து போளூர் சாலையில் போய், வடமாதிமங்கலத்துக்குப் பக்கத்தில் திருமலைக்குத் திரும்புகிற வழி பயிற்சிக்கு நல்லது. பெரும்பாலும் சமதரை, இரண்டு பக்கமும் வயல், தூரத்திலேயே மலை தெரிய ஆரம்பிக்கும். பாறையில் செதுக்கிய நேமிநாதர், குந்தவை பெயரால் வழங்கும் ஜினாலயம், சமணக் குகைகள் எல்லாம் அங்கேதான். கங்கை வரை போன படையெடுப்பைப் பட்டியல் போட்ட ராஜேந்திர சோழன் கல்வெட்டும் அந்த மலையில்தான். படிக்கட்டைப் பார்த்ததும் ஏறி ஏறி இறங்கிப் பயிற்சி செய்யத் தோன்றும். அது வழிபாட்டு இடம், பக்கத்திலேயே அரகந்தகிரி சமண மடம் இருக்கிறது. ஷூவை அடிவாரத்தில் விட்டுவிட்டு ஒரு நாள் மெதுவாக ஏறிப் பார்த்து வாருங்கள், அவ்வளவு போதும்.

இருட்டில் கிளம்பினால் முன்னும் பின்னும் விளக்கு. கரும்பு வெட்டுக் காலத்தில் டிராக்டர் டிரெய்லர்களுக்குப் பின்விளக்கே இருக்காது. அறுவடையில் சாலையில் பாதியை நெல் பிடித்துக்கொள்ளும், ஓரத்தில் கல்லை வைத்து அணை கட்டியிருப்பார்கள். காய வைத்த நெல்லின் மேல் மெல்லிய டயரை ஏற்றினால் வழுக்கும். நெல்லுக்குச் சொந்தக்காரரின் திட்டு அதைவிட மோசமாக இருக்கும். நாய் துரத்தினால் வேகமாக மிதிக்காதீர்கள். இறங்கி, சைக்கிளை நடுவில் வைத்து நடங்கள்.

ஓட்டத்தைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றும் இல்லை. பேசிக்கொண்டே ஓட முடிகிற வேகம். ஐந்து நிமிடம் ஓட்டம், ஒரு நிமிடம் நடை. வாரத்தில் இரண்டு நாள். சைக்கிளிலிருந்து இறங்கியதும் பத்து நிமிடம் ஓடிப் பழகுவதை மட்டும் கடைசி ஆறு வாரமும் விடாதீர்கள். முதல் தடவை கால் மரக்கட்டை மாதிரி இருக்கும். சில நிமிடங்களில் வழிக்கு வரும் என்று தெரிந்துவைத்திருப்பதே பாதிப் பயிற்சி.

இப்போது கொஞ்சம் கணக்கு. நூறு மீட்டருக்கு மூன்றரை நிமிடம் நீந்தினால் 750 மீட்டருக்குச் சுமார் 26 நிமிடம். மணிக்கு 20 கிலோமீட்டர் வேகத்தில் சைக்கிள் ஒரு மணி நேரம். கிலோமீட்டருக்கு 8 நிமிடம் என்றால் ஓட்டம் 40 நிமிடம். உடை மாற்ற ஆறு நிமிடம். மொத்தம் 2 மணி 12 நிமிடம். எங்கே உழைத்தால் எவ்வளவு மிச்சம்? நீச்சலை நூறு மீட்டருக்கு அரை நிமிடம் குறைக்க மாதக்கணக்கில் பாடுபட்டால் கிடைப்பது நான்கு நிமிடத்துக்கும் குறைவு. ஓட்டத்தில் கிலோமீட்டருக்கு அரை நிமிடம் குறைத்தால் இரண்டரை நிமிடம். சைக்கிளில் வேகத்தை 24-க்கு ஏற்றினால் பத்து நிமிடம். நேரமில்லாதவர் நீச்சலைப் பயமின்றி முடிக்கிற அளவுக்கும், மீதியைச் சைக்கிளுக்கும் ஒதுக்குவதே புத்திசாலித்தனம்.

போட்டி நாள்

சனிக்கிழமையே போய்ச் சேருங்கள். விடியற்காலை இரண்டு மணிக்கு பைக்கில் ஆரணியிலிருந்து கிளம்பிச் சென்னையில் ஆறு மணிக்கு நீந்துவது வீரம் இல்லை. சாப்பாட்டில் புதிதாக எதையும் முயலாதீர்கள். வழக்கமான இட்லி, வாழைப்பழம், உப்புப் போட்ட எலுமிச்சைத் தண்ணீர். அமைப்பாளர்கள் தருகிற வண்ண வண்ண ஜெல்லை வீட்டுக்குக் கொண்டுவந்து பிள்ளைகளுக்குக் காட்டுங்கள்.

சைக்கிள் நிறுத்துகிற இடத்தில் உங்கள் எண்ணுக்கு ஒதுக்கிய இடம் ஒரு கை அகலம்தான் இருக்கும். ஒரு பழைய துண்டை விரியுங்கள். பளிச்சென்ற நிறமாக இருந்தால் நூறு சைக்கிளுக்கு நடுவில் கண்ணில் படும். ஹெல்மெட்டைக் கவிழ்க்காமல், வார் இரண்டு பக்கமும் விரித்துக் கைப்பிடி மேல் வையுங்கள். எண் அட்டையை இடுப்பு நாடாவில் கோத்து ஹெல்மெட்டுக்குள். ஷூவுக்குள் கொஞ்சம் பவுடர், பக்கத்தில் ஒரு பாட்டில் தண்ணீர் காலைக் கழுவ. நீச்சல் முடிந்து வருகிற வழியை முன்பே ஒரு தடவை நடந்து, எந்த வரிசை, எத்தனையாவது கம்பம் என்று பார்த்துவிடுங்கள். தண்ணீரிலிருந்து எழுந்தவுடன் தலை சுற்றும், மூளை அரை வேகத்தில்தான் ஓடும்.

பலரை மாட்டிவிடுகிற விதி ஹெல்மெட்டில் இருக்கிறது: வார் பூட்டிய பிறகுதான் சைக்கிளைக் கம்பியிலிருந்து எடுக்க வேண்டும்; திரும்பி வந்து சைக்கிளை மாட்டிய பிறகுதான் வாரை அவிழ்க்க வேண்டும். தரையில் கோடு போட்டிருக்கும். அதைத் தாண்டித்தான் ஏற வேண்டும், அதற்கு முன்பே இறங்க வேண்டும். அமெச்சூர் போட்டிகளில் பெரும்பாலும் முன்னால் போகிறவர் பின்னால் ஒட்டிக்கொண்டு காற்றை மறைத்து ஓட்டக் கூடாது. இடைவெளி விட்டு ஓட்டுங்கள், தாண்டினால் சீக்கிரம் தாண்டுங்கள். காதில் பாட்டுக் கேட்கக் கூடாது. வயதுப் பிரிவு, போட்டி நடக்கிற ஆண்டின் டிசம்பர் 31 அன்று உங்களுக்கு என்ன வயதோ அதை வைத்துத்தான். 45 முடியப் போகிறவர்கள் கவனித்து எழுதுங்கள்.

நீச்சலில் கூட்டத்தின் பின்வரிசையில், ஓரத்தில் நில்லுங்கள். சைக்கிளில் முதல் ஐந்து கிலோமீட்டரை அடக்கி ஓட்டித் தண்ணீர் குடியுங்கள். ஓட்டத்தில் நெஞ்சு பிடித்தாலோ, குளிர்ந்து வியர்த்தாலோ, பார்வை மங்கினாலோ நின்று ஆளைக் கூப்பிடுங்கள். போட்டி அடுத்த வருடமும் வரும்.

திரும்பும்போது பஸ்ஸோ ரயிலோ, வண்டி ஓட்டாதீர்கள். ராத்திரி எட்டரைக்குப் படுத்துவிடுங்கள். திங்கட்கிழமை தொடை பிடித்திருக்கும், குழிக்குள் இறங்குவது ஏறுவதைவிடக் கஷ்டமாக இருக்கும். கைகளை ஊன்றிப் பக்கவாட்டில் இறங்குங்கள். அன்றைக்குப் புதுப் பாவு பிணைக்கிற வேலையையோ, சிக்கலான டிசைனையோ வைத்துக்கொள்ளாமல், கண்ணை மூடிக்கொண்டு நெய்கிற சேலையின் உடல் பகுதி வேலையை முன்பே ஒதுக்கி வையுங்கள். அரை மணிக்கு ஒரு தடவை எழுந்து நில்லுங்கள். வலி இரண்டு கால்களிலும் ஒரே மாதிரி இருந்தால் மூன்று நாளில் போய்விடும். ஒரு காலில் மட்டும் கெண்டைச்சதை வீங்கிச் சூடாக இருந்தால், அல்லது சிறுநீர் காப்பி நிறத்தில் போனால், தறியை விட்டு எழுந்து நேராக ஆஸ்பத்திரிக்குப் போங்கள். அடுத்த போட்டிக்குப் பெயர் கொடுப்பதை அடுத்த தீபாவளி ஆர்டர் கணக்கு முடிந்த பிறகு பேசிக்கொள்ளலாம். அதுவரை வாரத்தில் ஒரு நாள் குளத்துக்குப் போவதை மட்டும் நிறுத்தாதீர்கள், மூன்றில் சீக்கிரம் மறப்பது நீச்சலின் மூச்சுதான்.